ரோலர் சூடு

உப்பைப் போட்டது அம்மாதான், வேறு யாருக்கு அந்தக் கை துறுதுறுப்பு உண்டு. பகவதி முடி சுருட்டுகிற ஆவிப்பெட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிளக் சரியாகச் சேரவில்லையே என்று குனிந்து பார்த்த நேரத்துக்குள் சமையலறையிலிருந்து வந்து, "ஒரு சிட்டிகை உப்புப் போடணும்டி, அப்பத்தான் ஆவி சட்டுனு வரும், குமுதா அப்படித்தான் செய்வா" என்று தூவிவிட்டுப் போய்விட்டாள். அக்கா அப்படிச் செய்தது ஓசூரில். அங்கே தண்ணீர் சப்பென்று இருக்கும், உப்பில்லாமல் இந்தப் பெட்டி மூச்சு விடாது. கோவில்பட்டி போர்த் தண்ணீருக்கு எதுக்கு உப்பு, அதுவே பாதி உப்பு, தலைக்கு ஊற்றினால் முடி நார் நாராய் விறைத்துக்கொள்கிற தண்ணீர். பெட்டி கொஞ்ச நேரம் கம்மென்று இருந்துவிட்டு, திடீரென்று குதித்துக் கொதித்து, நடுவில் நிற்கிற குழாய் வழியாகச் சுடுதண்ணீரைத் துப்பிவிட்டது. முதல் ரோலரை மாட்டப்போன பகவதியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதற்குக் கிடைத்தன. ஐயோ என்று கையை உதறி வாயில் வைத்தாள். வாய்க்குள்ளும் உப்பு. "ரொம்பச் சுட்டுருச்சா? மஞ்சளை அப்பு. பதினோரு மணிக்கெல்லாம் அவுக வந்துருவாக" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். கேசரிக்கு ரவை வறுபடுகிற வாசனை வந்தது. அவுக என்றால் திருமலைக்குமார் அத்தானும் அவர் அம்மாவும். பகவதிக்கு அவர் அத்தான், குமுதாவுக்குப் புருஷன். குமுதா போய் ஏழு மாசம் ஆகிறது. மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள் படியில் வழுக்கி விழுந்தாளாம், தலையில் அடியாம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துபோயிற்றாம். எல்லாமே ஆம் ஆம் என்றுதான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்காள் இல்லாத வீட்டுக்குத் தங்கையை அனுப்புவது இவர்கள் பக்கத்தில் புதுசில்லை, அம்மாவின் சித்தியே அப்படிப் போனவள்தான். நாலு வயசுப் பிள்ளை இருக்கிறது, வெளியே இருந்து ஒருத்தி வந்தால் அதைத் தன் பிள்ளையாகப் பார்ப்பாளா, பகவதிக்கும் இருபத்தெட்டு முடியப்போகிறது, பிறகென்ன. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக் கை கழுவுகிற இடத்திலேயே பேச்சு கிளம்பிவிட்டது. பகவதி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே எல்லோரும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். தப்பு யார் மேல்?

பெட்டியை அணைத்துக் கொட்டிக் கழுவி, இந்தத் தடவை குடிதண்ணீரில் பாதியும் போர்த் தண்ணீரில் பாதியும் கலந்து ஊற்றினாள். இப்போது ஒழுங்காக ஆவி வந்தது. ரோஸ் நிற ஸ்பாஞ்சு ரோலர்கள், பெருவிரலை விடக் கொஞ்சம் தடிமன், மொத்தம் இருபது. ஒன்றைக் குழாயில் மாட்டிப் பத்து எண்ண வேண்டும், ஸ்பாஞ்சுக்குள் ஆவி ஏறி ஈரமாக மெத்தென்று ஆகிவிடும், எடுத்து முடியின் நுனியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே மண்டை வரைக்கும் போய், பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அமுக்கினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஆறுகிற வரைக்கும் விட்டுவிட்டு அவிழ்த்தால் முடி சுருள் சுருளாக விழும். டக். ஒன்று. டக். இரண்டு. மூன்றாவது ரோலரை எடுத்தபோது அதில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நீள முடி. அக்காவுடையது, வேறு யாருடையது. ஏழு மாசம் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தும் அது இன்னும் சுருண்டேதான் இருந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை, எடுத்து எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை, அப்படியே தன் முடியோடு சேர்த்துச் சுருட்டி மூடிவிட்டாள். டக். அக்காவுக்கும் இயற்கையில் சுருட்டை கிடையாது. இரண்டு பேருக்குமே நூல் மாதிரி தலைமுடி, பள்ளிக்கூடம் போகையில் ரிப்பன் நிற்காமல் வழுக்கி விழுகிற முடி. கல்யாணமான மூணாவது மாசம் அத்தான் கம்பெனி வேலையாக மலேசியா போய்வந்தபோது இந்தப் பெட்டியை வாங்கி வந்தார். அவருக்குச் சுருட்டை முடிதான் பிடிக்குமாம். அம்மா அதைத் தெரு பூராவும் சொல்லிப் பெருமைப்பட்டாள், பொண்டாட்டி தலைக்குக் கூட மெஷின் வாங்கியாந்து குடுத்துருக்காரு மாப்ளே. அதற்கப்புறம் அக்கா வாரத்துக்கு மூணு நாள் காலையில் ஐந்து மணிக்கே எழுந்து தலையில் இருபது ரோலரோடு சமையல் செய்தாள். கஷ்டமா இல்லையாக்கா என்று போனில் கேட்டால், பழகிருச்சுடி என்பாள். ஒரு நாள் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பகவதி கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். ஒரு கேள்விதானே, நாக்கு தேய்ந்தா போயிருக்கும். இப்போது அதே மெஷின் பிள்ளையின் துணிமணியோடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. போன வாரம் அத்தான் அம்மாவிடம் போனில் சொன்னாராம், குமுதா மாதிரி முடியைச் சுருட்டி வச்சுக்கிட்டா பிள்ளை சீக்கிரம் ஒட்டிக்கும் அத்தை என்று. பிள்ளை அம்மாவின் சுருளுக்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டேதான் தூங்குமாம். பிள்ளைக்காகச் சொல்லுதாரு பாரு, எவ்வளவு பாசம் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்காகவா, தனக்காகவா? யாரிடம் கேட்பது. டக். ஆறு. இல்லை, ஏழு.

விரல் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. கட்டைவிரலின் ஓரத்தில் தோல் வெளுத்து, கொப்புளம் கிளம்ப ஆரம்பித்திருந்தது. பாவி உப்பு. இனி ஒரு வாரத்துக்கு சாக்பீஸ் பிடிக்க முடியாது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர் கையில என்ன டீச்சர் என்று மொய்த்துக்கொள்ளும், ரோலர் சூடு என்று சொல்ல வேண்டும். ரோலர் சூடு. அந்த வார்த்தை வந்ததும் கை அப்படியே நின்றது. இது அக்காவின் வார்த்தை அல்லவா. முந்தின வருஷம் தீபாவளிக்கு அக்கா வந்திருந்தாள். பூ வைத்துவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பகவதி முடியைத் தூக்கியபோது பின்கழுத்தில் மூணு வட்டம். ஒன்று ஆறிக் கறுத்தது, இரண்டு இன்னும் சிவப்பாக ஈரம் காயாமல். ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். என்னக்கா இது என்றதற்கு, "ரோலர் சூடு பட்டுருச்சுடி, அவசரத்துல வச்சேன்" என்றாள். சட்டென்று சொன்னாள், கேட்கும் முன்பே வாயில் வைத்திருந்த மாதிரி. அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டே, "பாத்துப் போடக் கூடாதா, பொம்பளைக்கு அப்படி என்ன அவசரம்" என்றாள். பகவதி வட்டத்தில் படாமல் பூவைச் செருகினாள். அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் ஏழு மாசத்துக்கு முன்னால், ஓசூரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து பின்வாசலில் பெஞ்சில் கிடத்தி, சேலை பிடித்து மறைத்துக்கொண்டு பொம்பளைகள் குளிப்பாட்டினார்கள். பகவதி தண்ணீர் மொண்டு கொடுத்தாள், முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை. எதிர்வீட்டுக்காரி, இது என்ன மதினி தழும்பு தழும்பா, என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. "எல்லாம் அந்த எழவெடுத்த ரோலரு" என்றாள் அம்மா. அழுதுகொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு மஞ்சளைக் குழைத்து அந்த இடத்திலெல்லாம் அப்பினாள், கனமாக அப்பினாள். எந்த இடத்தில்? கழுத்திலா? எதிர்வீட்டுக்காரி நின்றது கால்மாட்டுப் பக்கம். கால்மாட்டில் நிற்கிறவளுக்குப் பின்கழுத்து எப்படித் தெரியும்? பகவதி எட்டாவது ரோலரைக் குழாயில் மாட்டிவிட்டு எண்ண மறந்துபோனாள். ஸ்பாஞ்சு சொட்டச் சொட்ட நனைந்து ஆவி இரண்டு பக்கமும் பீறிக்கொண்டு வந்தது.

ஆதிரை வந்து வாசற்படியில் நின்றாள். அக்கா மகள். கவுனைத் திருப்பிப் போட்டிருந்தாள், ஆச்சியின் அவசரம் இந்தப் பிள்ளைக்கும் வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எண்ணினாற்போலத்தான் பேசுகிறாள். இன்று மெஷினைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போய், தானே வந்து பகவதியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "சித்தி, எனக்கு ஒண்ணு." "சுடும்டா கண்ணு." "சுடாது" என்றாள் பிள்ளை. ஆவியில் ஊறிக்கொண்டிருந்த அந்த ரோலரை ஓரத்தில் பிடித்துத் தானே உருவினாள், பகவதி ஏய் ஏய் என்று பிடுங்குவதற்குள் அதைக் கன்னத்தில் வைத்து அமுக்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா வச்சுவிடும்" என்றாள். கன்னத்தில் ஒன்றுமே இல்லை, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். அடுப்படியில் அம்மா சாமி விளக்குக்குத் தீக்குச்சி கிழித்தாள். அந்தச் சர்ரென்ற சத்தத்துக்குப் பிள்ளை ரோலரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தது. இது புதுசில்லை. வந்த நாளிலிருந்து தீக்குச்சி சத்தம் கேட்டால் இப்படித்தான். தீப்பெட்டி ஊருல வந்து தீக்குச்சிக்குப் பயமா என்று அம்மா கேலி செய்வாள், பகவதியும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். சிரித்தாளே, பாவி. பயந்த பிள்ளை காதைப் பொத்தும், கண்ணைப் பொத்தும். கழுத்தை ஏன் பொத்துகிறது? யார் கழுத்தைப் பார்த்து அது கற்றுக்கொண்டது?

இல்லை, இல்லை, அவசரப்படக் கூடாது. ஒரு மனுஷனைப் பற்றி இப்படி நினைப்பது பெரிய பாவம். அத்தான் சத்தம் போட்டுக்கூடப் பேசாதவர். வரும்போது வெறுங்கையோடு வந்ததில்லை. சிகரெட் குடிப்பார், ஆனால் பெரியவர்கள் முன்னால் குடிக்கமாட்டார், சாப்பிட்டதும் தெருமுனை வேம்படிக்குப் போய் நின்று முடித்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மரியாதை தெரிஞ்ச பிள்ளை என்று அம்மா சொல்வாள். சிகரெட். மனசு இவ்வளவு நேரமாக அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, தொடாமல் தொடாமல் விலகிப் போயிருக்கிறது. பகவதி பிள்ளையை இறக்கிவிட்டு ஒன்பதாவது ரோலரைக் குழாயில் மாட்டினாள். வகுப்பில் சொல்கிறவள்தானே, கேட்டதை நம்பாதே, செய்து பார், தொட்டுப் பார், அப்புறம் எழுது என்று. பத்து எண்ணவில்லை, முப்பது எண்ணினாள். எடுத்து, தலையைக் குனிந்து, அக்காவுக்கு இருந்த அதே இடத்தில் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். முதலில் கதகதவென்று இருந்தது, வெந்நீர் ஒத்தடம் மாதிரி இதமாகக்கூட இருந்தது, பிறகு ஆறிப்போய் ஈரம் முதுகில் வழிந்தது. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து அலமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போய்விட்டது. சரி, பிளாஸ்டிக் மூடியோ? அது சூடே ஆகாது. குழாயோ? குழாய் மேஜையில் நிற்கிறது, அதன் மேல் கழுத்தை எப்படிக் கொண்டுபோய் வைப்பது. இந்த மெஷின் சுடுவதென்றால் விரலைத்தான் சுடும், இதோ சுட்டிருக்கிறது. ஐந்து வருஷம் வாரத்துக்கு மூணு நாள் இதைப் போட்டவளின் விரல்கள் எப்படி இருந்தன? மருதாணி வைத்த விரல்கள், நகத்தோரம்கூட ஒரு வடு இல்லாத விரல்கள், குளிப்பாட்டி முடித்ததும் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது பகவதிதான் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோலர் வாயின் வட்டம் பெரிய ரூபாய் அளவு. தழும்பு பொட்டு அளவு. அக்கா, அக்கா, நான் பூவை வைத்துக்கொண்டு நின்றேனே அக்கா, உன் கழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேனே.

மாடிப்படி. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், அதை நினைத்தால் இந்த நாற்காலியிலிருந்து எழவே முடியாது. இப்போது மணி பத்தே முக்கால். மாட்டேன் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. சொன்னால் என்ன ஆகும்? அத்தான் வருத்தப்பட்டுக்கொண்டே, சரி அத்தை உங்க இஷ்டம் என்று எழுந்து, பிள்ளையின் பையைத் தூக்கிக்கொள்வார். பெற்ற தகப்பன், யார் தடுக்க முடியும். பிள்ளை அந்த வீட்டுக்குப் போகும், தீக்குச்சி கிழிக்கிற வீட்டுக்கு, இப்போது பொத்திக்கொள்கிற அந்தச் சின்னக் கழுத்தோடு. சரி என்று சொன்னால்? பிள்ளையோடு தானும் போகலாம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ரோலர் போடலாம். தன் கழுத்து இருக்கும்வரை பிள்ளையின் கழுத்துக்கு ஒன்றும் வராது. அக்காவும் இப்படித்தான் நினைத்தாளோ? நினைத்துத்தான் சட்டென்று அந்தப் பதிலைச் சொன்னாளோ? போனால் அடுத்த தீபாவளிக்கு யாராவது முடியைத் தூக்கிப் பார்த்து என்ன பகவதி என்பார்கள், ரோலர் சூடு என்று தானும் சொல்வாள், இரண்டாவது தடவையாகச் சொல்வதால் இன்னும் சுளுவாக நம்புவார்கள். அம்மாவிடம் சொல்லலாமா? ஏழு மாசம் இந்தப் பொய்யைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பரிமாறியவள் அம்மாதானே. அறியாமல் சொன்னாளா, அறிந்தா? கை மட்டும் பழக்கம் போலப் பத்தாவது ரோலரைச் சுருட்டி மூடியது. டக். வாசலில் கார் வந்து நின்றது. கந்தப்பன் மாமா, அம்மாவின் அண்ணன், காலையிலிருந்தே வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "வாங்க வாங்க மாப்ளே" என்று எழுந்து போனார். பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூப்பிட்டாலும் வரவில்லை.

சுவரைத் தாண்டிக் கூடத்துப் பேச்சு கேட்டது. வெயிலைப் பற்றி, ரோடு போடுவதைப் பற்றி. அத்தானின் குரல் மெதுவாக, பதவிசாக இருந்தது. அவர் அம்மா சொன்னாள், வருஷம் திரும்புறதுக்குள்ள கோயில்ல வச்சு ஒரு மாலையை மாத்திரலாம், ஆடம்பரம் வேண்டாம், என்று. மாமா சொன்னார், எங்களுக்கும் அதுதான், பிள்ளை மொகம் பாத்துத்தானே. பிறகு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப முடிவாயிட்டதுன்னா கையை நனைச்சிருவோம். பேச்சி, காப்பியைக் கொண்டா" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், குடித்துவிட்டால் பேச்சை மாற்றமாட்டார்கள். அம்மாவின் வளையல் சத்தம் அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போனது. பகவதி எழுந்தாள். பாதித் தலையில் ரோலரும் மீதித் தலையில் ஈரமுமாக, மெஷினை வயரோடும் ஒரு ரோலரோடும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய், டிவி ஸ்டாண்டில் வைத்துப் பிளக்கைச் செருகினாள். எல்லோரும் பார்த்தார்கள். காப்பித் தட்டோடு நின்ற அம்மா, "ஏட்டி, என்ன கோலம் இது, கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள்.

"அத்தானுக்குப் பிடிக்கும்னுதானே போடச் சொன்னீங்க. பாதி போட்டுட்டேன். மீதியை அத்தான் முன்னாடி போடலாம்னு வந்தேன்" என்றாள் பகவதி. அவளுக்கே அடையாளம் தெரியாத குரலாக இருந்தது. அத்தானின் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள், இப்பமே உரிமைதான் என்று. அத்தானும் சிரித்தார். நீலச் சட்டை, நெற்றியில் திருநீறு, பையில் சதுரமாகப் புடைத்துக்கொண்டு சிகரெட் பாக்கெட். ரோலர் ஆவியில் ஊறியது. பகவதி வாய்விட்டு எண்ணவில்லை, மனசுக்குள் முப்பது எண்ணினாள். எடுத்து, ஆவி பறக்கப் பறக்க, "கையை நீட்டுங்க அத்தான்" என்றாள். நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே, தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் வைத்து அமுக்கினாள். "சுடுதா அத்தான்?"

"இது எங்க சுடும்? வெறும் ஸ்பாஞ்சுதானே" என்றார் அவர், மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "ஒத்தடம் குடுத்த மாதிரில்ல இருக்கு."

"கழுத்துல வச்சாலும் சுடாதுல்ல?"

"சுடாது. எத்தனை வருஷமா வீட்டுல..." அந்த இடத்தில் நின்றுவிட்டார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, "என்னம்மா பகவதி, என்ன கேக்கே நீ" என்றார். பகவதி மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா திடுக்கிடுவாள் என்று நினைத்திருந்தாள், தட்டைக் கீழே போட்டு ஐயோ என்று கத்துவாள் என்று நினைத்திருந்தாள். அம்மா திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காப்பி டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு இடம், மாப்ளே" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து. "குளிப்பாட்டுதப்ப எண்ணினேன். கழுத்துல ஆறு, முதுகுல அஞ்சு, தொடையில மூணு. தொடையில எவளும் ரோலர் போடமாட்டா. தெரிஞ்சுதான் மஞ்சளை அப்பி மறைச்சேன். இன்னொருத்தி இருக்காளே, வீட்டுப் பேரு கெட்டுரக் கூடாதேன்னு மறைச்சேன். பெறகு நீங்க இவளையே கேட்டு வந்தீக. அப்பவும் சும்மா இருந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. மெஷின் மட்டும் டிவிக்குப் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலுக்கு அடியில் பிள்ளை இருமியது. அத்தானின் கை தட்டில் இருந்த டம்ளரை நோக்கிப் போனது, காப்பிக்காகவா அல்லது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்ததா, தெரியாது. அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காப்பி வேண்டாம், மாப்ளே" என்றாள். "பிள்ளையும் வராது."

ஏந்திய தட்டோடு உள்ளே போய், கட்டில் இருந்த அறைவாசலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.